மரமா, புத்தகமா?

சுபாங் ஜெயாவில் ஒரு மெதடிஸ்ட் வீட்டிலும் ஒரு கத்தோலிக்க வீட்டிலும் தமிழ் வேதாகமத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். வெளிப்படுத்தின விசேஷம் 22:19. இந்த நூலிலிருந்து சொல்லை நீக்குகிறவன் எதில் தன் பங்கை இழப்பான்? மெதடிஸ்ட் வீட்டில் இருக்கும், 1871-இல் முழுமையாக வந்த பவர் ஐயர் திருப்புதலில் அது ஜீவபுஸ்தகம். கத்தோலிக்க வீட்டில் இருக்கும், 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் வாழ்வு தரும் மரம். தமிழாக்கியவர்கள் யாரும் தடுமாறவில்லை. அவர்கள் கையிலிருந்த கிரேக்க மூலமே வேறு.

புதிய ஏற்பாட்டு ஆசிரியர்களின் கைப்பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. இருப்பவை பிற்காலத்தார் எழுதிய படிகள். கிரேக்கத்தில் மட்டும் 5,000-க்கு மேல். உ.வே.சா. ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்ததுபோல, இவற்றையும் ஒப்பிட்டுத்தான் மூலத்தை நிறுவ வேண்டும்.

1516-இல் பேசல் நகரில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை முதன்முதலாக அச்சிட்டு வெளியிட்ட எராஸ்முஸுக்கு அதற்கெல்லாம் பொறுமையில்லை, அவசரம். வெளிப்படுத்தின விசேஷத்துக்கு அவரிடம் இருந்தது ஒரே பிரதி, அதுவும் ரொய்க்லின் என்ற அறிஞரிடம் இரவல் வாங்கியது. அதில் கடைசி ஏட்டைக் காணோம். ஆறு வசனங்கள் போயின. மனிதர் அசரவில்லை: லத்தீன் வேதாகமத்தை எடுத்து, அந்த ஆறையும் தாமே கிரேக்கமாக்கிச் சேர்த்துவிட்டார்.

லத்தீனில் மரத்துக்கு 'லிக்னோ', புத்தகத்துக்கு 'லிப்ரோ'. எப்போதோ ஒரு லத்தீன் எழுத்தர் ஒன்றை மற்றொன்றாக எழுதிவிட்டார். ஜீவபுஸ்தகம் இதே நூலில் வேறு இடங்களிலும் வருவதால் கை தானாக அங்கே போயிருக்கும். அந்தப் பிழை எராஸ்முஸின் கிரேக்கத்தில் ஏறியது. 1527 பதிப்பில் அவர் வெளிப்படுத்தின விசேஷத்தைப் பல இடங்களில் திருத்தினார், இது தப்பித்துக்கொண்டது. அவர் வழிவந்த அச்சுப் பதிப்புகளே முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மொழிபெயர்ப்பாளர்களின் மூலமாக இருந்தன. அப்படித்தான் தமிழுக்கும் புத்தகம் வந்து சேர்ந்தது. சொல்லை மாற்றாதே என்று எச்சரிக்கும் வசனத்திலேயே சொல் மாறிப்போனதை என்னவென்பது!

பிரதிகளை ஒப்பிடும் வேலை பிறகு நடந்தது. எபெர்ஹார்ட் நெஸ்லே 1898-இல் தொடங்கிவைத்த கிரேக்கப் புதிய ஏற்பாட்டு ஆய்வுப் பதிப்பு, 2012-இல் 28-ஆம் பதிப்பைக் கண்டது. பக்கத்தின் மேலே மூலம்; அடியில் பொடி எழுத்தில், எந்தப் பிரதி எந்தச் சொல்லைத் தருகிறது என்ற கணக்கு. எனக்கு அந்த அடிப்பகுதிதான் பிடிக்கும். பதிப்பாசிரியரின் முடிவோடு நமக்கு ஒத்துப்போகாவிட்டாலும், மறுத்துப் பேசச் சான்றுகளை அவரே அங்கே தந்துவிடுகிறார்.

பொடி எழுத்தை நம்பாதவர்களுக்கும் வழியுண்டு. நான்காம் நூற்றாண்டுக் கிரேக்கப் பிரதியான சினாய்ச் சுவடி முழுவதும் 2009 முதல் இணையத்தில் இருக்கிறது. சுபாங் ஜெயாவில் ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் கைப்பேசியிலேயே அந்த ஏட்டைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். அதில் இருப்பது மரம்.