உங்களுக்குத் தெரியுமா? புறாவும் படிக்கும் பாடம்
நவி மும்பையின் கோபர்கைரனே ஸ்டேஷனில் தானே லோக்கலுக்கு நிற்கும் கம்ப்யூட்டர் மாணவரின் பை கனக்கிறதா? உள்ளே டானன்பாம் எழுதிய நெட்வொர்க் பாடநூல் இருக்கலாம். முதல் பதிப்பு 1981. குரோஸும் ராஸும் எழுதிய நூலோ நாம் தினம் தொடும் பிரவுசரில் தொடங்கிக் கம்பிவரை இறங்கும். புதிதாகப் படிப்பவருக்கு அதுதான் தோது.

ஆனால் மூலநூல் இலவசம்! இணையத்தின் விதிகள் 'ஆர்எஃப்சி' என்ற எண்ணிட்ட ஆவணங்களாக யாரும் படிக்கக் கிடைக்கின்றன. முதலாவதை 1969 ஏப்ரல் 7 அன்று எழுதிய ஸ்டீவ் கிராக்கர் அப்போது மாணவர்தான். அதிகாரத் தொனி வேண்டாமென்று ஆர்எஃப்சி, அதாவது 'கருத்துக் கேட்பு' எனப் பெயர் வைத்தார். 791ஆம் எண் (1981) ஐ.பி. எனும் இணைய நெறிமுறை. அதில் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தின் தலையிலும் ஓர் எண் உண்டு. வழியிலுள்ள ரவுட்டர் ஒவ்வொன்றும் அதில் ஒன்றைக் கழிக்கும்; பூஜ்யமானால் பொட்டலம் குப்பைக்கு. வழி தவறியது ஓயாமல் சுற்றக் கூடாதல்லவா?

குறும்பும் உண்டு. 1149ஆம் எண், 1990 ஏப்ரல் 1 தேதியிட்டது: புறா காலில் தகவல் கட்டியனுப்பும் நெறிமுறை! 2001இல் நார்வேயின் பெர்கன் நகரில் நிஜமாகவே புறா விட்டுப் பார்த்தார்கள். அனுப்பியது 9 பொட்டலம். பதில் வந்தது 4க்கு.