கூதிர்காலமும் ஏழு சட்டைகளும்



ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்த நம் முன்னோர், ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்களையும் கூதிர் என்று வழங்கினர். மேல்நாட்டுக் கதைகளில் இலையுதிர்காலம் என்று நீங்கள் படிக்கும் நாள்கள் பெரும்பாலும் இவையே. அந்நாடுகளில் மரங்கள் இலைகளை உதிர்க்க, நம் நாட்டில் வானம் நீரை உதிர்த்துக்கொண்டிருக்கும். ‘ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை’ என்பது பழமொழி. இம்மழையில் ஒரு பெரிய குடும்பம் பட்ட பாட்டையும், அதில் விளைந்த வேடிக்கைகளையும், அவற்றுக்குக் காரணமான இயற்கை விதிகள் சிலவற்றையும் உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

மயிலாடுதுறையை மாயூரம் என்று வழங்கிய நாளில், அதற்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூரில் நாங்கள் வாழ்ந்தோம். மக்கள் எழுவர், பெண்கள் மூவர், ஆண்கள் நால்வர். நான் மூன்றாமவன். அப்பா, அம்மா, அப்பாயி ஆகியோரையும் சேர்த்தால் வேளைக்குப் பத்து இலை விழும். 1968-ஆம் ஆண்டில் எனக்கு வயது பத்து. வீட்டில் இருந்த குடை ஒன்றே. நெல் மண்டியில் கணக்கெழுதச் செல்லும் அப்பாவுடன் அது காலையிலேயே புறப்பட்டுவிடும். எங்களுக்குக் கோணிச் சாக்குதான். அதைக் கூம்பாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஐவர் வரிசையாகப் பள்ளிக்கு நடந்தால், மண்டிக்குப் போகவேண்டிய மூட்டைகள் வழி தவறிப் போகின்றன என்று தெருவார் சிரிப்பர்.

வடகீழ்ப் பருவக்காற்று ஏறத்தாழ அக்டோபர்த் திங்களின் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. வங்கக் கடலின்மேல் வரும் அக்காற்று, வழியெல்லாம் நீராவியை அள்ளிக்கொண்டு நம் கரைக்கு வருகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி இம்மூன்று மாதங்களில் பெய்துவிடும். உழவருக்கு அது வாழ்வு. எழுவரின் துணியைத் துவைத்துக் காயவைக்க வேண்டிய தாய்க்கோ அது வேறு கதை.

தீபாவளிக்கு அப்பா ஒரே துணியில் பெருந்துண்டாக வாங்கி வருவார். எழுவருக்கும் அதில்தான் சட்டை. மீந்தது தலையணை உறையாகும். எது எவருடைய சட்டை என்று அறிய அம்மா கழுத்துப் பட்டையில் வண்ண நூலால் ஒரு தையல் போட்டுவைப்பார். ஆனால் அடைமழை வந்தால் நூலடையாளம் செல்லாது. எது முதலில் காய்கிறதோ, அது முதலில் எழுந்தவருக்கு! ஒருநாள் நான் பிந்தி எழுந்து, எட்டு வயதுத் தம்பியின் சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். ஆசிரியர் கணக்கொன்று கேட்டார். வகுப்பிலேயே எனக்கு மட்டும்தான் விடை தெரியும். ஆயினும் கையை உயர்த்தினால் அக்குள் கிழிந்துவிடும். கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, “உனக்குமா தெரியவில்லை?” என்று அவர் வருந்தியது இன்றும் நினைவிருக்கிறது.

சட்டை ஏன் காயவில்லை? துணியிலுள்ள நீர் ஆவியாகிக் காற்றில் கலந்தால்தான் துணி காயும். காற்றிலோ அளவற்ற இடம் இல்லை. 38 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர்க் காற்று ஏறத்தாழ 46 கிராம் நீராவியைக் கொள்ளும். 24 பாகையில் ஏறத்தாழ 22 கிராமே கொள்ளும். சித்திரை நண்பகலில் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 40 என வைத்துக்கொள்ளுங்கள். கன மீட்டருக்கு ஏறத்தாழ 28 கிராம் அளவுக்கு இடம் காலியாக இருக்கும். அடைமழை நாளில் ஈரப்பதம் நூற்றுக்கு 95 என்றால், எஞ்சிய இடம் 1 கிராம்தான். படிக்கட்டு வரை நிரம்பிய பேருந்தில் ஏழு பேர் ஏற முயல்வதும், அக்காற்றில் எங்கள் ஏழு சட்டைகள் காய முயல்வதும் ஒன்றே.

அதே காற்று உப்பு ஜாடியிலும் புகுந்தது. ஒருநாள் கல்லுப்பு முழுதும் நீர் கோத்து நிற்கக் கண்ட அப்பாயி, “உப்பில் தண்ணீர் ஊற்றியவன் இவன்தான்” என்று என் காதைத் திருகினார். அழுதும் பயனில்லை. கடலுப்போடு சிறிதளவு மக்னீசியம் குளோரைடு கலந்திருக்கும்; அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து அதிலேயே கரைந்துவிடும் என்பதைக் கல்லூரியில் படித்தபோது, உண்மைக் குற்றவாளி அகப்பட்ட மகிழ்ச்சி எனக்கு உண்டாயிற்று. தீர்ப்பைத் திருத்தத்தான் அப்பாயி இல்லை.

முறுக்கின் கதை இன்னும் சுவையானது. தீபாவளி முறுக்கை அம்மா தகரப் பெட்டியிலிட்டுச் சாமான் அறையில் வைத்திருந்தார். எண்ணெயில் வெந்த முறுக்கில் நீர் மிகக் குறைவு. ஆதலால் மூடி சற்று நெகிழ்ந்தாலும் அது காற்றின் ஈரத்தை வாங்கி நமுத்துவிடும். கோடையில் திருடித் தின்பவனை ‘மொறுக்’ என்னும் ஓசையே காட்டிக்கொடுக்கும். ஐப்பசியில் அந்த அச்சமில்லை. இதைத் தானாகவே கண்டுபிடித்த கடைசித் தம்பி, அறைக்குள் புகுந்து கதவை இழுத்துச் சாத்திக்கொண்டான். ஆனால் மரமும் ஈரத்தை உண்ணும் என்பதை அவன் அறியான். மரம் நீளவாட்டில் அவ்வளவாக மாறாது. இழைக்குக் குறுக்கே பருக்கும். பலகை பருத்துக் கதவு நிலையில் இறுகிவிட்டது. அவன் அலற, வெளியிலிருந்து நாங்கள் அறுவரும் கதவைத் தள்ளினோம். அச்சத்தில் அவனும் உள்ளிருந்து தள்ளினான்! அரைமணி நேரம் கழித்து அப்பா வந்து, “தள்ளாதே, இழுடா” என்று சொன்ன பிறகே கதவு திறந்தது. வெளிவந்தவன் வாயில் முறுக்கு இருந்தது.

நெடுநல்வாடையில் நக்கீரர் இப்பருவத்தை நுட்பமாகக் காட்டுகிறார். வேண்டாதொழிந்த விசிறிகளில் சிலந்தி வலை பின்னியதைக்கூட அவர் விடவில்லை. ஈரத் துணிதான் அவர் கண்ணில் படவில்லை போலும்!

அம்மாவுக்கு அது கண்ணைவிட்டு அகன்றதே இல்லை. இரவுச் சமையல் முடிந்ததும் அடுப்புக் கனலைச் சட்டியில் வாரி, அதன்மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, எங்கள் சட்டைகளை ஒவ்வொன்றாக விரித்துத் திருப்பிக்கொண்டிருப்பார். கனல் பட்ட காற்று வெப்பமுற்று, அதில் ஆவிக்கு இடமுண்டாகும். அருகிலிருந்து காவாவிட்டால் துணி கருகிவிடும். ஏழாவது சட்டை காயும்போது பெரும்பாலும் நள்ளிரவு ஆகிவிடும்.

அம்மாவுக்குப் புடவை இரண்டு. அவை கூடைக்கு வருவதில்லை. ஓரளவு பிழிந்த புடவையையே உடுத்திக்கொண்டு அடுப்பருகில் அமர்வார். அது உடம்பிலேயே காயும். ஒரு கிராம் நீர் உடல் வெப்பநிலையில் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் இக்கணக்கை மாதிரி வகுப்பில் நடத்தியபோது, புடவையில் 300 கிராம் நீர் என்று எடுத்துக்கொண்டு கரும்பலகையில் பெருக்கினேன். 1,74,000 கலோரி வந்தது. ஓர் அகப்பைச் சோறு தரும் வெப்பம் ஏறத்தாழ அவ்வளவு. அதில் அடுப்பு தந்தது போக எஞ்சியதை அம்மாவின் உடம்பு தந்தது. பத்து இலை விழும் வீட்டில் கடைசி இலை அம்மாவுடையது. அதில் சோறு எவ்வளவு விழுந்தது என்று நாங்கள் எவரும் பார்த்ததில்லை. கணக்கை அத்துடன் நிறுத்திவிட்டுக் கரும்பலகையைத் துடைத்தேன்.

1968 கார்த்திகையில் அம்மா காய்ச்சலில் எட்டு நாள் படுத்தார். ஈரத்தால் காய்ச்சல் பிறப்பதில்லை, நுண்ணுயிர்களால் பிறக்கிறது என்பது இன்று எனக்குத் தெரியும். அப்பா அதை ஆராயவில்லை. முதல் நாள் இரவு, பெரிய அக்காள் கூடையின்மேல் விரித்திருந்த எங்கள் சட்டைகளை ஒன்றும் பேசாமல் எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, அம்மாவின் புடவையை அதில் விரித்தார். மறுநாள் பள்ளியில் நாங்கள் உட்கார்ந்த பலகையெல்லாம் நனைந்திருந்தது.