பூஞ்சையை முடிப்பது உடம்புதான்

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்குப் பெயர் தந்த மருத்துவமனையை டாக்டர் சவுரிமுத்து 1928-இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கினார். காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்படாத காலம். நல்ல காற்று, வெயில், சத்தான சாப்பாடு, ஓய்வு ஆகியவைதான் சிகிச்சை. உடம்பைத் தேற்றிவிட்டால் நோயை அது பார்த்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். காசநோய்க்கு அது போதவில்லை. ஆனால் 1990-களில் எச்.ஐ.வி. நோயாளிகள் அதே வளாகத்துக்கு வரத் தொடங்கிய பிறகு, அந்த எண்ணம் வேறொரு வடிவில் பலித்தது.

எச்.ஐ.வி. அழிப்பது சி.டி.4 என்ற வெள்ளணுக்களை. அவை குறைந்தால் பூஞ்சைகள் தலைதூக்கும்: வாயில் கேண்டிடா, நுரையீரலில் நியூமோசிஸ்டிஸ், மூளை உறையில் கிரிப்டோகாக்கஸ். தாயிடமிருந்து தொற்று பெற்ற குழந்தையின் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர்த்துளி ஒட்டியதுபோல வெள்ளை படியும். வெறும் பால்படிவு என்றால் ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். இது எளிதில் வராது. சுரண்டினால் அடியில் சிவந்து ரத்தம் கசியும். ஃபுளுகோனசோல் என்ற பூஞ்சை மருந்தைக் கொடுத்தால் அடங்கும். நிறுத்தினால் பல குழந்தைகளுக்குத் திரும்ப வரும்.

2004 ஏப்ரலில் அரசு இலவசமாக ஏ.ஆர்.டி. கூட்டுமருந்து வழங்கத் தொடங்கியது. முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. அந்த மருந்தின் குறி வைரஸ்தான். வைரஸ் அடங்க, சி.டி.4 ஏற, பூஞ்சை திரும்பி வருவது நிற்கிறது.

பூஞ்சையின் செல் அமைப்பு பாக்டீரியாவைவிட நம் செல்லுக்கு நெருக்கமானது. அதைக் கொல்லும் மருந்து நம்மையும் தொட்டுவிடும். ஆம்போடெரிசின் என்ற பூஞ்சை மருந்து சிறுநீரகத்தைப் பதம் பார்ப்பது தெரிந்ததே. ஆகவே பல நேரங்களில் மருந்து பூஞ்சையைத் தடுத்து நிறுத்தும், ஒழித்துக்கட்டுவது வெள்ளணுக்கள்.

சில குழந்தைகளுக்கு வெள்ளணுக்களின் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். கிருமியைக் கொல்லும் ஆக்சிஜன் நச்சு மட்டும் அவற்றில் சுரக்காது. தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் வெள்ளம் வடிந்த வீட்டு ஈரச்சுவரிலும் மட்கும் இலைக்குப்பையிலும் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை இருக்கலாம். அதன் வித்துகளை நாம் எல்லோரும் சுவாசிக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. இந்தக் குழந்தைகளுக்கு அதுவே நுரையீரலைத் தின்னும். இந்தக் குறையைக் கண்டுபிடிக்கும் சோதனை எளிது: ரத்த அணுக்களோடு ஒரு சாயத்தைச் சேர்த்துத் தூண்டினால், நல்ல அணுக்கள் ஒளிரும், பழுதானவை இருண்டே இருக்கும். 1991-இல் இந்தக் குறையுள்ள 128 பேரிடம், எதிர்ப்பாற்றலைத் தூண்டும் காமா இன்டர்ஃபெரான் ஊசியைச் சோதித்த முடிவுகள் வெளியாயின. கடுமையான தொற்றுகள் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தன.

இன்னொரு குறை கார்டு9 மரபணுவில். 2009-இல் ஈரானியக் குடும்பம் ஒன்றில் கண்டறியப்பட்டது. பூஞ்சை வந்திருக்கிறது என்ற சேதியே அணுக்களுக்குள் சரியாகப் போய்ச் சேராது. கேண்டிடா மூளைவரை போகும். வெறும் பூஞ்சை மருந்துக்கு மசியாத சிலர், வெள்ளணுக்களைத் தூண்டும் ஜி.எம்.-சி.எஸ்.எஃப். என்ற புரதத்தால் தேறினார்கள். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் இந்நோய் வரும். தமிழ்நாட்டில் கால்வாசிக்கும் மேலான திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. சொந்தத்தில் மணந்தவர்கள் இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடும். எனவே இது நமக்கு எட்டாத சங்கதி என்று தள்ளிவிட முடியாது.

2020-இல் வெளியான கலிஃபோர்னியச் சிறுவனின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. நான்கு வயது. மண்ணில் வாழும் பூஞ்சை உடம்பெங்கும் பரவி, மருந்துகளை மீறி முற்றிக்கொண்டிருந்தது. அவன் உடம்பு போரிடாமல் இல்லை. ஒவ்வாமைக்கான வழியில் போரிட்டுக்கொண்டிருந்தது. காமா இன்டர்ஃபெரானோடு, எக்சிமாவுக்குக் கொடுக்கும் டுபிலுமாப் ஊசியையும் சேர்த்தார்கள். தவறான வழி அடைபட்டது, சிறுவன் தேறினான்.

எதிர்ப்பாற்றலைக் கூட்டினால் எப்போதும் நல்லது என்பதும் தவறு. கிரிப்டோகாக்கஸ் மூளையுறை அழற்சியில் ஏ.ஆர்.டி.யை உடனே தொடங்கியவர்களிடம் இறப்பு அதிகம் என்று உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்த ஆய்வு 2014-இல் காட்டியது. அதனால் பூஞ்சை மருந்தை முதலில் கொடுத்து, நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்கிறார்கள். கடையில் ‘எதிர்ப்புச் சக்தி’ என்று விற்கும் டானிக் இந்தக் குறைகள் எதையும் சரிசெய்யாது.

ஒரு வயது தாண்டிய பிறகும் வாயில் வெள்ளை திரும்பத் திரும்ப வந்தால், நிமோனியாவோ ஆழமான சீழ்க்கட்டியோ அடிக்கடி வந்தால், வீட்டில் ஏற்கெனவே ஒரு குழந்தை தொற்றில் இறந்திருந்தால், தேன் தடவிக் காத்திருக்காதீர்கள். எச்.ஐ.வி. பரிசோதனை அரசு நம்பிக்கை மையங்களில் இலவசம். அது இல்லை என்று வந்தால், வெள்ளணுக்களைச் சோதிக்க வேண்டுமா என்று குழந்தைநல மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.