மேசைக் கணினியில் குறுந்தகடு இயக்கி தென்படாமை

மேசைக் கணினியில் பொருத்தப்பட்டுள்ள குறுந்தகடு அல்லது டிவிடி இயக்கியை இயங்குதளம் அறியாமல் போவது, பழைய கணினிகளில் அடிக்கடி ஏற்படும் பழுதுகளுள் ஒன்றாகும். 'மை கம்ப்யூட்டர்' சாளரத்தில் இயக்கியின் படவுரு மறைந்துவிடும். திருமணப் படங்களும் பழைய ஆவணங்களும் தகடுகளில் மட்டுமே உள்ள வீடுகளில், அவற்றைத் திறக்கும் ஒரே வழி இதனால் அடைபடுகிறது. புதிய இயக்கி வாங்குமுன் பழுது எங்குள்ளது என்று கண்டறிவது நல்லது. பல நேரங்களில் தளர்ந்த வடமோ தவறான அமைப்போதான் காரணமாக இருக்கும்.

இரு வேறு பழுதுகள்

இயக்கி தென்படாமல் இருப்பதும், தென்பட்டும் தகட்டைப் படிக்காமல் இருப்பதும் வேறு வேறு பழுதுகள். இரண்டாவதற்கு வில்லையில் படிந்த தூசியோ தகட்டின் கீறலோ காரணமாகலாம். முதலாவதற்கு வில்லையைத் துடைப்பதால் பயன் இல்லை. மின்சாரம், வடம், பயாஸ் அமைப்பு, இயங்குதளம் ஆகியவற்றையே ஆராய வேண்டும்.

முதற்கட்டச் சோதனை

கணினியை இயக்கி, இயக்கியின் முன்பொத்தானை அழுத்தவும். தட்டு வெளியே வராமலும் விளக்கு எரியாமலும் இருந்தால் மின்சாரம் வரவில்லை என ஐயுறலாம். தட்டு திறந்தால் மின்சாரம் வருகிறது. ஆனால் தரவு வடம் சரியாக உள்ளது என்று அதனால் உறுதியாகாது.

அடுத்து, கணினியை மீண்டும் தொடங்கி, டெலிட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி பயாஸ் திரைக்குச் செல்லவும். இயக்கியின் பெயர் அங்கு இல்லையென்றால், பழுது வன்பொருளிலோ பயாஸ் அமைப்பிலோ உள்ளது. பெயர் அங்கு இருந்து விண்டோஸில் மட்டும் இல்லையென்றால், பெரும்பாலும் மென்பொருளே காரணம்.

பயாஸில் தென்படாவிட்டால்

இயக்கி இணைந்துள்ள தடம் பயாஸில் முடக்கப்பட்டுள்ளதா என்று முதலில் பார்க்கவும். கணினியின் தேதியும் நேரமும் அடிக்கடி பழைய நிலைக்குத் திரும்பினால், தாய்ப்பலகையிலுள்ள 3 வோல்ட் நாணய மின்கலம் தீர்ந்திருக்கலாம். அதனால் பயாஸ் அமைப்புகளும் மாறிவிடும். ஆனால் சாட்டா முறையை மட்டும் ஐடிஇ-யிலிருந்து ஏஹெச்சிஐ-க்கோ மறுபுறமாகவோ காரணமின்றி மாற்றக்கூடாது. விண்டோஸ் தொடங்காமல் போக வாய்ப்புண்டு.

பின்னர் கணினியை நிறுத்தி, மின்கம்பியை உருவிவிட்டுப் பெட்டியைத் திறக்கவும். உள்ளே கை வைக்குமுன் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்னை நீக்கிக்கொள்ள வேண்டும்.

ஐடிஇ இயக்கி: இது 40 ஊசி இணைப்பியும் அகன்ற நாடா வடமும் கொண்டது. வடத்தின் ஓரத்திலுள்ள வண்ணக்கோடு முதல் ஊசியைக் குறிக்கும். ஒரு வடத்தில் இரு கருவிகள் இணையலாம். ஒன்று 'மாஸ்டர்' ஆகவும் மற்றது 'ஸ்லேவ்' ஆகவும் இருக்க வேண்டும். இதை இயக்கியின் பின்புறமுள்ள ஜம்பர் முடிவு செய்கிறது. இரண்டும் ஒரே நிலையில் இருந்தால் ஒன்றோ இரண்டுமோ தென்படாது. 80 கம்பி வடத்தில் நீல முனை தாய்ப்பலகைக்கும், கறுப்பு முனை மாஸ்டருக்கும், நடுவிலுள்ள சாம்பல் முனை ஸ்லேவுக்கும் உரியவை.

சாட்டா இயக்கி: இதில் ஜம்பர் சிக்கல் இல்லை. 7 தொடுமுனைகள் கொண்ட தரவு வடத்தையும் 15 தொடுமுனைகள் கொண்ட மின்வடத்தையும் கழற்றி மீண்டும் அழுத்திச் செருகவும். பயன் இல்லையென்றால் வேறு வடம், தாய்ப்பலகையில் வேறு துளை, வேறு மின்முனை என ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கவும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பழுதானது என்று தெரியாது.

விண்டோஸில் மட்டும் தென்படாவிட்டால்

'டிவைஸ் மேனேஜர்' பகுதியில் இயக்கியின் பெயரருகே மஞ்சள் குறி உள்ளதா என்று பார்க்கவும். இருந்தால் அப்பெயரை 'அன்இன்ஸ்டால்' செய்து கணினியை மீண்டும் தொடங்கவும். விண்டோஸ் அதைத் தானாகவே மறுபடி நிறுவிக்கொள்ளும். குறி ஏதுமின்றி எழுத்து மட்டும் இல்லையென்றால், 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' வழியாக இயக்கிக்கு ஓர் எழுத்தை ஒதுக்கலாம்.

மஞ்சள் குறியுடன் 19 அல்லது 39 என்ற பிழை எண் நீடித்தால், பதிவேட்டைப் பார்க்க வேண்டியிருக்கும். தகடு எழுதும் மென்பொருளை நிறுவும்போதோ நீக்கும்போதோ அதன் வடிகட்டிப் பதிவுகள் சிதைந்து எஞ்சிவிடுவதுண்டு. 'ரெஜ்எடிட்' மூலம் லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், கிளாஸ் என்ற வரிசையில் சென்று, 4டி36இ965 எனத் தொடங்கும் பிரிவைத் திறக்கவும். அதன் வகை 'சிடிராம்' என்று உள்ளதா என உறுதி செய்து, முதலில் அப்பிரிவை ஒரு கோப்பாகச் சேமித்து வைக்கவும். பிறகு 'அப்பர் ஃபில்டர்ஸ்', 'லோயர் ஃபில்டர்ஸ்' என்ற இரு மதிப்புகளுள் இருப்பதை நீக்கிக் கணினியை மீண்டும் தொடங்கவும். இதன்பின் தகடு எழுதும் மென்பொருளை மறுபடி நிறுவ நேரலாம். இதே பெயருள்ள மதிப்புகள் பிற பிரிவுகளிலும் உண்டு, அவற்றைத் தொடக்கூடாது.

இறுதி முடிவு

நல்ல வடத்துடன் வேறொரு கணினியில் இணைத்தும் பயாஸில் தென்படாவிட்டால், இயக்கி பழுதாகிவிட்டது எனக் கொள்ளலாம். ஐடிஇ துளை மட்டுமே உள்ள கணினிக்கு யூஎஸ்பி வழி இணையும் வெளிப்புற இயக்கி எளிய மாற்றாகும். பழைய இயக்கியின் உள்ளே தகடு சிக்கியிருந்தால், மின்சாரத்தைத் துண்டித்தபின் முன்பக்கச் சிறு துளையில் நிமிர்த்திய காகிதப் பிடிப்பூசியை மெல்ல அழுத்தித் தட்டை வெளியே எடுக்கலாம்.

இயக்கி சரியானதும் முதலில் செய்ய வேண்டியது, தகடுகளிலுள்ள கோப்புகளை வன்தட்டில் படியெடுத்து, அவை திறக்கின்றனவா என்று சரிபார்ப்பதாகும். வீட்டில் எழுதப்பட்ட தகடுகளின் சாயப்படலம் காலப்போக்கில் மங்கக்கூடியது. இயக்கியை மாற்றலாம், மங்கிப்போன தகட்டிலுள்ள படங்களை மீட்பது அரிது.