சைக்கியும் வண்ணத்துப்பூச்சியும்

சைக்கி என்ற கிரேக்கச் சொல்லுக்கு உயிர், ஆன்மா என்று பொருள். அதே சொல் வண்ணத்துப்பூச்சியையும் குறித்தது. கூட்டுப்புழு நிலையிலிருந்து கூட்டை உடைத்து வெளிவரும் பூச்சியை அரிஸ்டாட்டில் தமது விலங்கியல் நூலில் இச்சொல்லாலேயே அழைக்கிறார். இதனால் கிரேக்கத் தொன்மக் கலையில் ஆன்மா என்றாலே வண்ணத்துப்பூச்சிதான் என்ற எண்ணம் பரவியுள்ளது. பழைய ஓவியங்கள் அப்படிக் காட்டுவதில்லை.

கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏதென்ஸ் பகுதியில் செய்யப்பட்ட கலயங்கள் சிலவற்றில், ஹெக்டரின் உடலை அக்கிலீஸ் தேரில் கட்டி இழுக்கும் காட்சி வரையப்பட்டுள்ளது. அருகில் உள்ள கல்லறை மேட்டின் மேல், கவசம் அணிந்த சின்னஞ்சிறு வீரன் ஒருவன் சிறகுகளுடன் பறக்கிறான். அவன் அக்கிலீஸின் இறந்துபோன நண்பன் பத்ரோக்ளஸின் ஆன்மா. இங்கு பூச்சி எதுவும் இல்லை. இறந்தவரின் சாயல் அப்படியே இருக்கிறது, உருவம் மட்டும் சிறுத்துவிட்டது. அடுத்த நூற்றாண்டில், கல்லறையில் படைக்கப்பட்ட வெண்ணிற எண்ணெய்க் குடுவைகளில் இவ்வுருவங்கள் இன்னும் சிறியவை. மறுவுலகப் படகோட்டி காரோனைச் சுற்றி அவை ஈக்களைப் போலச் சிறகடிக்கின்றன.

வண்ணத்துப்பூச்சியும், அதன் சிறகுகள் கொண்ட இளம்பெண்ணும் அலெக்சாந்தருக்குப் பிந்தைய காலத்தில்தான் பெருகுகின்றன. உரோமின் கபிடோலின் அருங்காட்சியகத்தில் உள்ள கல் சவப்பெட்டி ஒன்று இதற்கு நல்ல சான்று. அதில் புரோமித்தியஸ் களிமண்ணால் மனிதனைச் செய்கிறார். மினர்வா அவன் தலைமேல் வண்ணத்துப்பூச்சியை வைத்து உயிரூட்டுகிறாள். அதே புடைப்புச் சிற்பத்தில் மனிதன் இறந்தபின், ஆன்மாவைப் பெண்ணுருவில் மெர்க்குரி அழைத்துச் செல்கிறார். ஒரே கல்லில் ஆன்மாவுக்கு இரண்டு வடிவங்கள்!

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அப்புலேயஸ் இலத்தீனில் எழுதிய கதையில் சைக்கி ஓர் அரசனின் மகள். பல சோதனைகளைக் கடந்து காதல் தெய்வமான கியூபிடை மணக்கிறாள். அக்கதையில் அவளுக்குச் சிறகுகள் இல்லை. ஆனால் சிறகுள்ள சைக்கியைக் கலைஞர்கள் அவருக்கு முன்பே படைத்துவிட்டனர். ஆகவே பழஞ்சிற்பங்கள் எல்லாவற்றையும் இக்கதையின் விளக்கப்படங்களாகப் படிப்பது பிழை. சவப்பெட்டிகளில் உள்ள சைக்கி பெரும்பாலும் இறந்தவரின் ஆன்மாவே. காதல் கதையின் நாயகி என்பது இரண்டாம் பட்சம்தான்.

பிற்கால ஓவியர்கள் இந்த இரட்டைப் பொருளை அறிந்தே கையாண்டனர். பிரான்சுவா ஜெரார் 1798-இல் வரைந்து, இப்போது லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள ஓவியத்தில், கண்ணுக்குப் புலப்படாத கியூபிட் சைக்கியின் நெற்றியில் முத்தமிடுகிறான். அவளுக்குச் சிறகு இல்லை. தலைக்கு மேலே ஒரு வண்ணத்துப்பூச்சி தனியாகப் பறக்கிறது.