கோணேசர் மலைப் பாதையும் பயணிகள் வசதியும்

திருகோணமலைக்கு வருவோரில் திருக்கோணேஸ்வரம் செல்லாது திரும்புவோர் மிகச் சிலரே. பிரெட்ரிக் கோட்டை வாயிலில் தொடங்கிச் சுவாமி மலை உச்சியில் முடியும் பாதை, அடியார்களுக்கு யாத்திரை வழி; நகர மக்களுக்கு மாலை நேர நடைவழி; உல்லாசப் பயணிகளுக்குக் கடற்காட்சி காணும் இடம். இங்கு குடிநீர், மலசலகூடம், இருக்கை, கழிவுத்தொட்டி என்பன போதியளவு இருத்தல் வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. அவற்றை எங்கே, எவ்வாறு அமைப்பது என்பதே ஆராயப்பட வேண்டியதாகும்.

சம்பந்தரின் பதிகம் பெற்ற ஆலயத்தை 1622 இல் இடித்த போர்த்துக்கேயர், அதன் கற்களைக் கொண்டே இங்கு கோட்டை எழுப்பினர். ஆதலால், இங்கு நிலத்தை அகழ்வதாயின் தொல்பொருள் திணைக்களத்தின் இசைவு அவசியம்.

நிலத்தின் இயல்பும் கருத்திற் கொள்ளப்பட வேண்டும். மலசலகூடக் குழியின் நீரை மண் உறிஞ்ச வேண்டும். பாறையில் அது நிகழாது. கழிவுநீர் சரிவில் இறங்கிக் கடலையே சேரும். எனவே பிரதான மலசலகூடத் தொகுதி கோட்டை வாயிலுக்கு வெளியே சமதரையில் அமைவதே பொருத்தம். முதியோருக்காக மேலே அமைப்பவற்றுக்கு, பவுசர் மூலம் அகற்றக்கூடிய மூடிய தாங்கிகள் தேவை.

கோட்டைக்குள் உலாவும் புள்ளிமான்களின் நிலை மற்றொன்று. உணவின் உப்பும் மணமும் படிந்த பொலித்தீனை அவை விழுங்கிவிடுகின்றன. அசைபோடும் விலங்கின் இரைப்பையில் பொலித்தீன் செரிப்பதில்லை. அங்கேயே திரண்டு, உண்ண இடமின்றி விலங்கு மெலிந்து மடிகிறது. உணவு சுற்றும் பொலித்தீன் தாள்கள் 2017 இல் நாடெங்கும் தடைசெய்யப்பட்டன. ஆயினும் தடை மாத்திரம் போதாது. மான் திறக்க முடியாத மூடியுள்ள தொட்டிகளும், போத்தல்களை நிரப்பிக்கொள்ளக் குடிநீர்க் குழாய்களும் இருந்தால், குப்பை பெருமளவு குறையும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களே கிழக்கில் பயணிகள் பெருகும் காலம். அப்போது பாறை கொதிக்கும். காலணி களைந்து ஏறும் அடியார்க்குத் தும்புவிரிப்பு, வழியில் நிழலிருக்கை ஆகியன பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவை.

கோட்டை இராணுவத்தின் வசமும், ஆலயம் பரிபாலன சபையின் பொறுப்பிலும், வெளிப்புறம் உள்ளூராட்சிச் சபையின் எல்லையிலும் உள்ளன. ஒருவர் கட்டியதை மற்றவர் துப்புரவு செய்வார் என்று காத்திருந்தால் எந்த வசதியும் ஓராண்டும் நிலைக்காது. எவர் அமைப்பது, எவர் நாளாந்தம் பராமரிப்பது என்பதை இத்தரப்பினர் ஒன்றுகூடி எழுத்தில் வரையறுப்பதே முதற்பணியாக வேண்டும். கட்டடம் அதற்குப் பின்னரே.