ஈரமும் எச்சரிக்கை மணியும்

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டத்தில் உள்ளது தாயில்பட்டி. மழை குறைந்த இக்கரிசல் பகுதியில் பட்டாசுத் தொழில் வேரூன்றியதற்கு வறண்ட காற்றும் ஒரு காரணம். பட்டாசு மருந்துக்கு ஈரமே முதற்பகை. கலவையில் உள்ள அலுமினியத் தூள் நீருடன் மெல்ல வினைபுரிந்து, வெப்பத்தையும் ஹைட்ரஜன் வாயுவையும் வெளியிடுகிறது. அவ்வெப்பம் குவியலுக்குள் தேங்கினால் வினை விரைவுபெற்றுக் கலவை தானே தீப்பற்றும். விபத்துச் செய்திகள் ‘இரசாயன மாற்றம்’ என ஒரு தொடரில் கடந்துபோவனவற்றுள் இதுவும் ஒன்று.

ஹைட்ரஜனுக்கு நிறமும் மணமும் இல்லை. காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே அது தீப்பற்றவல்லது. அதனை அறிவிக்கும் கருவி ஒன்று, அதற்கெனச் செய்யப்படாமலே, படகுகளில் இருக்கிறது.

தங்கும் அறையுடைய படகுகளில் இயந்திரப் புகையிலிருந்தும் அடுப்பிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு பரவக்கூடும். குருதியின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலிவாகப் பிணையும் அவ்வாயு, உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்லும். ஆதலால் அறையில் எச்சரிக்கை மணி பொருத்துவர். கருவியின் மின்முனையில் வாயு ஆக்சிஜனேற்றம் அடையும்போது சிறு மின்னோட்டம் உண்டாகிறது. அது வரம்பு கடந்து நீடித்தால் மணி ஒலிக்கும்.

ஆனால், இயந்திரமும் அடுப்பும் அணைந்துள்ள நள்ளிரவிலும் சில படகுகளில் மணி ஒலிப்பதுண்டு. படுக்கைப் பலகையின் அடியில் மின்னேற்றம் பெறும் ஈய-அமில பேட்டரியே அதற்குக் காரணமாக இருக்கலாம். அளவு மிஞ்சி மின்னேற்றினால் அமிலத்திலுள்ள நீர் பிரிந்து ஹைட்ரஜன் வெளியேறும். அதுவும் அதே மின்முனையில் ஆக்சிஜனேற்றம் அடைவதால், கருவி அதனைக் கார்பன் மோனாக்சைடு என்றே கொள்கிறது. பொய்யொலி என்று சினந்து மணியைக் கழற்றி வைப்போர் உளர். வாயுவின் பெயரை மட்டுமே மணி பிழைபட உரைத்தது. மூடிய அறையில் தேங்கிய ஹைட்ரஜனுக்கு ஒரு பொறி போதும். வெளியேறி, காற்றோட்டம் உண்டாக்கி, காரணம் அறிந்த பின்னரே உள்ளே திரும்ப வேண்டும்.

மின்பொறி தோன்றவே கூடாத மருந்து அறையில் மனிதப் புலன்களே மணியாகின்றன. வெடியுப்பு முதலிய நைட்ரேட்டுகள் கலந்த மருந்து ஈரம்பட்டால் அம்மோனியாவின் நெடி எழும், குவியல் வெதுவெதுப்பாகும். சிறிதளவு போரிக் அமிலம் சேர்ப்பது இவ்வினையை அடக்க உதவும். கலந்த மருந்தை அன்றே பயன்படுத்தி, மீந்ததை முறைப்படி அழித்துவிட வேண்டும். ஓரிரவு மூடிக்கிடந்த மருந்தில் காலையில் நெடி வீசினால், அதனைக் கிளறிப் பார்க்காமல் உடனே அனைவரும் விலகுதல் வேண்டும்.